தசைப் புரதங்களுக்கு ஒளிர்சாயம் ஏற்றுவது: ஆக்டினில் தொடங்கி நகர்வை அளப்பது வரை

தசையைச் சுருக்கும் புரதங்களில் ஒன்றான ஆக்டின் கோக்கும் இழையின் தடிமன் 7 முதல் 8 நானோமீட்டர். நல்ல ஒளி நுண்ணோக்கியால் பிரித்துக் காட்ட முடிவதோ 200 நானோமீட்டர் அளவுக்குத்தான். ஆனாலும் ஒற்றை ஆக்டின் இழை நெளிவதையும் ஓடுவதையும் நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரிவது இழையில் ஏறியிருக்கும் சாயத்தின் ஒளி. ஒரு மைக்ரோமீட்டர் நீள இழையில் சுமார் 370 ஆக்டின் மூலக்கூறுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு சாயம் உட்கார்ந்தால் கருப்புப் பின்னணியில் பளிச்சென்று ஒரு கோடு தெரியும். 1984-இல் ஒற்றை இழைகள் இப்படித்தான் கரைசலில் நெளியக் காணப்பட்டன. 1986-இல் ஆக்டினை இழுக்கும் மோட்டார் புரதமான மயோசின் பூசிய கண்ணாடியின் மேல் அவை ஓடுவது காட்டப்பட்டது. இன்றைக்கும் புதிதாக வருபவர்கள் தொடங்க ஏற்ற இடம் அந்தச் சோதனைதான்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். சாயம் புரதத்துக்குச் சொந்தமான உறுப்பு கிடையாது. வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அது உட்காரும் இடம் தவறினால் நீங்கள் அளப்பது சாயம் கெடுத்த புரதத்தின் அசைவாகிவிடும். அதனால் இந்தக் கட்டுரை முழுவதும் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வரும்: சாயம் எங்கே ஏறியது? ஏறிய பிறகும் புரதம் தன் வேலையைச் செய்கிறதா?

எந்த அசைவுக்கு எந்தச் சாயம்

இழை முழுதாக ஓடும் வேகம் மட்டும் வேண்டுமென்றால் ரோடமின் ஃபாலாய்டின் போதும். ஃபாலாய்டின் ஒரு காளான் நஞ்சு. ஆக்டின் இழையோடு ஒன்றுக்கொன்று என்ற விகிதத்தில் இறுக்கமாகப் பிணையும்; தனி ஆக்டின் மூலக்கூறோடு பிணையாது. எனவே ஒளிர்வதெல்லாம் இழைதான் என்று நம்பலாம். ஆனால் அது இழையைக் கலையவிடாமல் பூட்டிவிடுகிறது. இழை வளர்வதையும் தேய்வதையும் ஆராய நினைப்பவர் ஃபாலாய்டினைத் தொடவே கூடாது.

வளர்ச்சியைப் பார்க்க, சாயத்தை ஆக்டினோடு வேதிப் பிணைப்பால் ஒட்ட வேண்டும். தசை ஆக்டினில் 10, 217, 257, 285, 374 ஆகிய ஐந்து இடங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. இவற்றில் வெளியே நீட்டிக்கொண்டு எளிதாக வினைபுரிவது வால்முனையில் இருக்கும் 374. சாயம் ஏற்றுபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இங்கே பைரீன் என்ற சாயத்தை ஒட்டினால், ஆக்டின் இழையாகக் கோக்கும்போது ஒளிர்வு ஏறத்தாழ 20 மடங்கு உயரும். 365 நானோமீட்டரில் தூண்டி 407-இல் அளந்தால், நுண்ணோக்கி இல்லாமலே வளர்ச்சி வேகம் கிடைக்கும்.

மயோசினின் தலை சாய்வதைப் பார்க்க வேண்டுமானால் வேலை கடினமாகிறது. அதைக் கடைசியில் பார்ப்போம். உயிருள்ள தசைச் செல்லில் பார்க்க, பச்சை ஒளிர்புரதத்தை மரபணு வழியே கோக்கலாம். ஆனால் அதன் எடை 27 கிலோடால்டன், ஆக்டினின் எடை 42. தன் எடையில் பாதிக்கும் மேலான சுமையோடு ஆக்டின் இயல்பாக நடந்துகொள்ளும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. செல்லில் சார்கோமியர் (தசையின் சுருங்கும் அலகு) நீளம் மட்டும் தேவையென்றால், அதன் எல்லையான இசட் தட்டில் இருக்கும் ஆல்ஃபா ஆக்டினின் புரதத்தில் ஒளிர்புரதத்தைக் கோப்பது பாதுகாப்பான வழி.

ஒட்டும் வேதியியல்

மூன்று வகைச் சாயங்கள்தான் பெரும்பாலும் கைக்கு வரும். மலேயிமைடு சிஸ்டீனைப் பிடிக்கும், பிஎச் 6.5 முதல் 7.5 வரை அதற்கு ஏற்றது. பிஎச் 8-ஐத் தாண்டினால் லைசின் என்ற அமினோ அமிலத்தையும் பிடிக்கத் தொடங்கும், நீரில் சிதையவும் செய்யும். அயோடோஅசிட்டமைடும் சிஸ்டீனைத்தான் பிடிக்கும். மெதுவானது, பிஎச் 7.5 முதல் 8.5 வரை கேட்கும், வெளிச்சத்தில் கெடும். என்எச்எஸ் எஸ்டர் லைசினைப் பிடிக்கும். பிஎச் 8 முதல் 8.5 வரை வேண்டும்.

புதியவர்கள் அதிகம் விழும் குழிகள் இரண்டு. ஆக்டின் வைத்திருக்கும் பஃபரில் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) சிஸ்டீனை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்கும் டிடிடி இருக்கும். அதிலும் சிஸ்டீனில் இருப்பதுபோல் தயோல் (கந்தகக் குழு) உண்டு என்பதால் மலேயிமைடு முழுவதையும் அதுவே தின்றுவிடும். அதேபோல் ட்ரிஸ் பஃபரில் லைசினில் இருப்பதுபோல் அமீன் உண்டு. என்எச்எஸ் எஸ்டரை அது காலி செய்துவிடும், ஹெப்பீஸ் பஃபருக்கு மாற்றாமல் தொடங்கக் கூடாது. சாயம் ஏறவே இல்லை என்று சொல்லப்படும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியவை இவை இரண்டும்தான்.

எளிய வழி: ரோடமின் ஃபாலாய்டின்

ரோடமின் ஃபாலாய்டின் பெரும்பாலும் மெத்தனாலில் 6.6 மைக்ரோமோலார் கரைசலாக வைக்கப்படுகிறது. 1 மைக்ரோமோலார் ஆக்டின் இழை 100 மைக்ரோலிட்டர் வேண்டுமென்றால் அதில் 100 பிக்கோமோல் ஆக்டின் உண்டு. ஃபாலாய்டின் 1.3 மடங்கு, அதாவது 130 பிக்கோமோல், ஏறத்தாழ 20 மைக்ரோலிட்டர். இதைச் சிறு குழாயில் எடுத்து, மெத்தனாலை நைட்ரஜன் ஓட்டத்தில் உலர்த்துங்கள். அடியில் இளஞ்சிவப்புக் கறை நிற்கும். 2 மைக்ரோலிட்டர் மெத்தனாலில் அதை மீண்டும் கரைத்து, 25 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடும் 4 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடும் உள்ள பஃபர் சேர்த்து, கடைசியாக ஆக்டின் இழையை விடுங்கள். இருட்டில், 4 டிகிரியில், ஓர் இரவு. காலையில் பயன்படுத்தலாம், பனிக்கட்டியில் இருட்டில் வைத்தால் சில வாரங்கள் தாங்கும்.

உலர்த்தாமல் அப்படியே ஊற்றினால் கலவையில் ஆறில் ஒரு பங்கு மெத்தனாலாகிவிடும், இழை கெடும். ஃபாலாய்டினை அளவுக்கு மீறிக் கொட்டினாலும் பயன் இல்லை. பிணையாமல் நிற்கும் சாயம் பின்னணியை மங்கலாக்கும்.

இழையைக் கையாளும்போது பிப்பெட் முனையின் நுனியைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். குறுகிய முனை வழியே வேகமாக உறிஞ்சினால் 10 மைக்ரோமீட்டர் இழை 2 மைக்ரோமீட்டர் துண்டுகளாக உடையும். குழாயைச் சுழற்கலக்கியில் வைக்கவே கூடாது. விரலால் மெல்லச் சுண்டிக் கலக்குங்கள். ஃபாலாய்டின் நஞ்சு என்பதால் உலர்ந்த தூளை ஊதவோ, கையுறையின்றித் தொடவோ வேண்டாம்.

பிணைப்பு வழி: 374-ஆம் சிஸ்டீனில் மலேயிமைடு

இந்த வேலை நான்கைந்து நாள் எடுக்கும். அவசரப்பட்டால் பாதி புரதம் போய்விடும்.

தொடங்குவது தனி ஆக்டினில். 2 மில்லிமோலார் ட்ரிஸ், 0.2 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, 0.2 மில்லிமோலார் ஏடிபி (ATP, செல்லின் ஆற்றல் மூலக்கூறு): இதுதான் ஆக்டினைத் தனி மூலக்கூறாக வைத்திருக்கும் ஜி பஃபர். வழக்கமாகச் சேர்க்கும் டிடிடி இப்போது வேண்டாம். டிடிடி இல்லாத பஃபரில் இரண்டு முறை மாற்றி டயாலிசிஸ் (சவ்வுப் பை வழியே பஃபரை மாற்றுவது) செய்யுங்கள், ஒவ்வொன்றும் குறைந்தது ஐந்தாறு மணி நேரம். டிடிடி போன உடனே அடுத்த படிக்குப் போய்விட வேண்டும். காத்திருந்தால் சிஸ்டீன் ஆக்சிஜனேற்றம் அடைந்து சாயம் ஏற இடமில்லாமல் போகும்.

சாயத்தைத் தனி ஆக்டினில் ஏற்றுவதா, இழையில் ஏற்றுவதா? இழையில் ஏற்றுங்கள். காரணம் இதுதான்: ரோடமின் மலேயிமைடைத் தனி ஆக்டினின் 374-இல் ஒட்டினால் அந்த ஆக்டின் இழையாகக் கோக்க மறுக்கிறது. 2001-இல் ஏடிபி சிதைந்து ADP ஆன நிலையில் உள்ள தனி ஆக்டினின் படிக அமைப்பைக் கண்டபோது இந்தப் பண்பைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். அவர்களுக்கு வரமாக இருந்தது நமக்குச் சிக்கல். இழையாக இருக்கும்போதே ஏற்றினால், இழைக்குள் மறைந்த சிஸ்டீன்களும் ஓரளவு காக்கப்படுகின்றன.

ஆகவே ஆக்டினை 24 மைக்ரோமோலாருக்கு, அதாவது மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவுக்குக் கொண்டு வாருங்கள். ஹெப்பீஸ் சேர்த்து பிஎச் 7.2-க்கு மாற்றுங்கள். 100 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, 2 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 1 மில்லிமோலார் ஏடிபி சேர்த்து அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் விடுங்கள். குழாயைச் சாய்த்தால் கரைசல் கொழகொழப்பாக நகரும். இழை கோத்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

சாயத் தூள் உறைபெட்டியிலிருந்து வந்தால், அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த குப்பியில் ஈரம் படிந்து மலேயிமைடு சிதையும். அலெக்சா 488 மலேயிமைடின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 721. 1 மில்லிகிராம் தூளை 139 மைக்ரோலிட்டர் உலர்ந்த டிஎம்எஸ்ஓ கரைப்பானில் கரைத்தால் 10 மில்லிமோலார் கிடைக்கும். மீதியைச் சிறு பங்குகளாகப் பிரித்து இருட்டில் உறைய வையுங்கள். உருக்கிய பங்கை மறுபடி உறைய வைக்காதீர்கள். டிஎம்எஸ்ஓ கையுறை வழியே ஊடுருவி, தன்னோடு சாயத்தையும் தோலுக்குள் கொண்டு போகும். சிந்தினால் உடனே கையுறையை மாற்றுங்கள்.

2 மில்லிலிட்டர் ஆக்டினில் 48 நானோமோல் புரதம் உண்டு. ஐந்து மடங்கு சாயம் என்றால் 240 நானோமோல், அதாவது 24 மைக்ரோலிட்டர். டிஎம்எஸ்ஓ 1.2 சதவீதம்தான் சேர்கிறது. இந்த அளவை ஆக்டின் தாங்கும். மெல்லக் கலக்கிக்கொண்டே சில மைக்ரோலிட்டராக விடுங்கள். மொத்தமாக ஒரே இடத்தில் ஊற்றினால் அந்த இடத்தில் சாயம் திரண்டு படிந்துவிடும். அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம், அல்லது 4 டிகிரியில் ஓர் இரவு. எல்லாம் அலுமினியத் தாள் சுற்றிய குழாயில். பிறகு 10 மில்லிமோலார் டிடிடி சேர்த்தால் மீதி மலேயிமைடு செயலிழக்கும்.

இப்போது கழுவும் வேலை. முதலில் 10,000 ஜி-யில் 10 நிமிடம் சுற்றி, திரண்ட சாயத்தை அடியில் விட்டுவிட்டு மேல் கரைசலை எடுங்கள். அதை 100,000 ஜி-யில் 4 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சுற்றினால் ஆக்டின் இழை நிறமுள்ள வில்லையாக அடியில் படியும். மேல் கரைசலைக் கொட்டிவிடாமல் ஒரு பங்கு வைத்துக்கொள்ளுங்கள். புரதம் அதிலேயே நின்றுவிட்டால் பிறகு கண்டுபிடிக்க உதவும். வில்லையின் மேல் ஜி பஃபரை ஒரு மணி நேரம் ஊற விட்டு, டௌன்ஸ் ஹோமோஜெனைசரில் (கண்ணாடி உலக்கைக் குழாய்) நுரை வராமல் பத்துப் பதினைந்து முறை தள்ளுங்கள். நுரை வந்தால் புரதம் கெடுகிறது என்று பொருள்.

டிடிடி சேர்த்த ஜி பஃபரில் இரண்டு நாள் டயாலிசிஸ், தினமும் மாற்றி. இழை கலைந்து தனி ஆக்டினாகும். மீண்டும் 150,000 ஜி-யில் ஒன்றரை மணி நேரம் சுற்றுங்கள். இப்போது அடியில் போவது கலையாத, கெட்ட புரதம். நமக்கு வேண்டியது மேலே நிற்பது. அதை செஃபடெக்ஸ் ஜி-25 நிரல் (மூலக்கூறுகளை அளவால் பிரிக்கும் மணிகள் நிரம்பிய குழாய்) வழியே விட்டால் ஒட்டாத சாயம் பின்தங்கும். ஆக்டினோடு நிறம் முதலில் வரும், தனிச் சாயம் வெகு பின்னால் வரும். இரண்டுக்கும் நடுவில் நிறமில்லாத இடைவெளி தெரியவில்லையென்றால் நிரல் மிகச் சிறியது. இன்னொரு முறை விடுங்கள்.

இத்தனை நீண்ட வழியில் ஒரு நன்மை உண்டு. கோத்து, ஏற்றி, கலைத்து, தெளிய வைத்து வரும்போது, கோக்க முடியாத ஆக்டினும் கலைய முடியாத ஆக்டினும் தாமாகவே விலகிவிடுகின்றன. குறுக்கு வழிகள் சேமிக்கும் நேரத்தை இந்த வடிகட்டலை இழந்துதான் பெறுகின்றன.

எவ்வளவு ஏறியது

ஆக்டினை 280-இல் அளக்காமல் 290 நானோமீட்டரில் அளப்பது வழக்கம். பஃபரில் உள்ள ஏடிபி அங்கே குறுக்கிடுவது குறைவு. அதன் ஒளி உறிஞ்சும் குணகம் 26,600. அலெக்சா 488-க்கு 495 நானோமீட்டரில் 71,000. சாயமும் 290-இல் கொஞ்சம் ஒளியை விழுங்கும் என்பதால் அதைக் கழிக்க வேண்டும். எவ்வளவு கழிப்பது என்பதை அட்டவணையில் தேடுவதைவிட, டிடிடி-யில் செயலிழக்கச் செய்த தனிச் சாயத்தை அதே பஃபரில் அளந்து, 290 அளவை 495 அளவால் வகுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு கணக்கு. 495-இல் 0.71, 290-இல் 0.39, தனிச் சாயத்தின் விகிதம் 0.10 என்று வைப்போம். சாயம்: 0.71-ஐ 71,000-ஆல் வகுத்தால் 10 மைக்ரோமோலார். புரதம்: 0.39-இல் 0.071 கழித்து, 0.319-ஐ 26,600-ஆல் வகுத்தால் 12 மைக்ரோமோலார். விகிதம் 0.83. நல்ல எண்.

0.3-க்குக் கீழே என்றால் டிடிடி மீந்திருந்தது, சாயம் சிதைந்தது, அல்லது சிஸ்டீன் ஆக்சிஜனேற்றம் அடைந்தது. 1-ஐத் தாண்டினால் மகிழ வேண்டாம்: லைசினிலோ வேறு சிஸ்டீனிலோ சாயம் ஏறியிருக்கும், அல்லது தனிச் சாயம் இன்னும் கலந்திருக்கும்.

இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரு பங்கை, புரதங்களை எடையால் பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல்லில் ஓட்டி, புரதச் சாயம் போடுவதற்கு முன்னால் புற ஊதா அல்லது நீல ஒளியில் பாருங்கள். ஒளிர்வு 42 கிலோடால்டன் பட்டையில் இருக்க வேண்டும். ஓட்டத்தின் முனையில் ஒளிர்ந்தால் அது கழுவப்படாத சாயம். பக்கத்து வழியில் ஒரு கட்டுப்பாட்டு மாதிரியும் வேண்டும்: சாயத்தை முதலில் டிடிடி-யில் கொன்றுவிட்டு, பிறகு ஆக்டினோடு கலந்து, அதே படிகளில் கழுவிய மாதிரி. அதிலும் பட்டை ஒளிர்ந்தால் உங்கள் சாயம் பிணைப்பில்லாமலே ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது.

அடுத்து வேலைத் திறன். சாயம் ஏற்றிய ஆக்டினையும் ஏற்றாததையும் ஒரே நாளில், ஒரே பஃபரில் கோக்க விட்டு, அதிவேகமாகச் சுற்றி, அடியில் எவ்வளவு, மேலே எவ்வளவு என்று ஜெல்லில் ஒப்பிடுங்கள். மெக்னீசியம் பிணைந்த ஆக்டின் கோக்கத் தேவையான குறைந்தபட்சச் செறிவு சுமார் 0.1 மைக்ரோமோலார். சாயம் ஏற்றியதற்கு இது பல மடங்கு உயர்ந்தால் அந்தத் தொகுதியை ஒதுக்கிவிடுங்கள். வளர்ச்சிச் சோதனைகளில் சாயம் ஏற்றியது 10 முதல் 30 சதவீதம் இருந்தால் போதும், மீதி சாதாரண ஆக்டின். புரோஃபிலின் போன்ற துணைப் புரதங்கள் வந்தால் இன்னும் கவனம் வேண்டும்: 374-இல் சாயம் இருக்கும் ஆக்டினோடு புரோஃபிலினின் பிணைப்பு தளர்கிறது. அங்கே லைசினில் சாயம் ஏற்றிய ஆக்டினைக் கொண்டும் அதே முடிவு வருகிறதா என்று சோதித்துப் பார்த்த பிறகே எழுதுங்கள்.

இழை ஓடுவதைப் பார்ப்பது

மயோசினை முழுதாகப் பயன்படுத்துவதைவிட, கைமோட்ரிப்சின் நொதியால் வெட்டிய எச்எம்எம் (ஹெவி மெரோமயோசின்) துண்டு எளிது. இரண்டு தலைகளும் அப்படியே இருக்கும், உப்பு குறைந்த பஃபரிலும் கரையும். முழு மயோசின் அந்த உப்பில் தானே திரண்டு இழையாகிவிடும். அதைப் பூச 300 மில்லிமோலாருக்கு மேல் உப்பு வேண்டும். எச்எம்எம் பனிக்கட்டியில் சில நாட்களில் திறன் இழக்கும். புதிதாகச் செய்ததோ, உறைய வைத்து அன்றே உருக்கியதோ வேண்டும்.

கவர்ஸ்லிப்பில் அமைல் அசிட்டேட்டில் கரைத்த 1 சதவீத நைட்ரோசெல்லுலோஸ் ஒரு துளி தடவி உலர விடுங்கள். ஆவியை உறிஞ்சும் ஆய்வகப் பெட்டிக்குள்தான் (fume hood) செய்ய வேண்டும். ஸ்லைடின் மேல் இருபக்க ஒட்டுநாடா இரண்டு பட்டைகளை 5 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒட்டி, பூசிய பக்கம் உள்ளே பார்க்கும்படி கவர்ஸ்லிப்பை அழுத்துங்கள். நாடாவின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் என்றால் உள்ளே ஏறத்தாழ 10 மைக்ரோலிட்டர் பிடிக்கும். ஒரு பக்கம் பிப்பெட்டால் விட்டு, மறுபக்கம் வடிதாளால் இழுக்க வேண்டும். காற்றுக்குமிழி புகுந்தால் அது கடந்துபோகும் வழியெல்லாம் புரதம் உரிந்துவிடும். அந்தக் கண்ணாடி அறையை எறிந்துவிட்டு வேறொன்றைத் தொடங்குங்கள்.

அடிப்படை பஃபர்: 25 மில்லிமோலார் இமிடசோல் பிஎச் 7.4, 25 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, 4 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 1 மில்லிமோலார் இஜிடிஏ, 10 மில்லிமோலார் டிடிடி. டிடிடி-யை அன்றன்று சேர்க்க வேண்டும்.

வரிசை இப்படி. மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் எச்எம்எம், ஒன்றிரண்டு நிமிடம். பிறகு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரதம்), ஒரு நிமிடம். வெறுமையான இடங்களை அது மூடும். அடுத்தது பலர் விட்டுவிடும் படி: சாயம் ஏற்றாத ஆக்டின் இழையை ஊசி வழியே பல முறை தள்ளித் துண்டாக்கி, 2 மைக்ரோமோலார் அளவில் 1 மில்லிமோலார் ஏடிபியோடு விடுங்கள். மயோசின் தலைகளில் சில செத்தவையாக இருக்கும்; ஏடிபி இருந்தாலும் ஆக்டினை விடாது. அவற்றை இந்தத் துண்டுகள் அடைத்துவிடும், நல்ல தலைகள் ஏடிபியால் விடுபடும். ஏடிபி இல்லாத பஃபரால் நன்றாகக் கழுவுங்கள். பிறகு 5 முதல் 10 நானோமோலார் ஒளிரும் இழை, ஒரு நிமிடம். கழுவுங்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் இழைகள் அசையாமல் ஒட்டிக் கிடக்கும்.

கடைசியாக ஓட்டக் கரைசல்: அடிப்படை பஃபரில் 2 மில்லிமோலார் ஏடிபி, 0.4 சதவீத மெத்தில்செல்லுலோஸ், மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் குளுக்கோஸ், 0.1 மில்லிகிராம் குளுக்கோஸ் ஆக்சிடேஸ், 0.02 மில்லிகிராம் கேட்டலேஸ். கடைசி மூன்றும் சேர்ந்து ஆக்சிஜனை உறிஞ்சுகின்றன. இவை இல்லாவிட்டால் வெளிச்சம் பட்ட சில நொடிகளில் சாயம் வெளுக்கும். அதைவிட மோசம், பிறக்கும் வினைமிகு ஆக்சிஜன் இழையையே துண்டு துண்டாக வெட்டும். இந்த நொதிகள் வேலை செய்யும்போது குளுக்கோனிக் அமிலம் உண்டாகி பிஎச் இறங்கும். எனவே அறைக்குள் விடுவதற்குச் சற்று முன்புதான் கலக்க வேண்டும், அரை மணிக்குள் படமெடுத்து முடிக்க வேண்டும். புரதம் கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு கேட்டலேஸை முடக்கும்; ஓட்டக் கரைசலில் அது இருக்கக் கூடாது.

100 மடங்கு எண்ணெய் ஆப்ஜெக்டிவ், எண் துளை (NA) 1.3-க்கு மேல், ரோடமின் வடிகட்டி. ஆப்ஜெக்டிவையும் சூடாக்குங்கள்: மேடையை மட்டும் 30 டிகிரிக்கு வைத்தால், எண்ணெய் வழியே ஆப்ஜெக்டிவ் வெப்பத்தை உறிஞ்சி, நீங்கள் பார்க்கும் இடம் மட்டும் பல டிகிரி குளிர்ந்திருக்கும். வேகம் வெப்பத்தைப் பொறுத்துக் கடுமையாக மாறுவதால், நாளுக்கு நாள் எண் ஒத்துவராமல் போவதற்கு இது பெரிய காரணம். முயலின் எலும்புத்தசை எச்எம்எம் 25 முதல் 30 டிகிரியில் நொடிக்கு 4 முதல் 6 மைக்ரோமீட்டர் வரை இழையை ஓட்டும். உங்கள் எண் இதில் பாதிகூட வரவில்லையென்றால் அறிவியலைத் தேடும் முன் பஃபரைத் தேடுங்கள்.

படங்களுக்கு இடையே எவ்வளவு நேரம்? நொடிக்கு 5 மைக்ரோமீட்டர் ஓடும் இழை, நொடிக்கு 10 படம் என்றால், ஒரு படத்துக்கு அரை மைக்ரோமீட்டர் நகரும், நல்ல அளவு. மிக அடிக்கடி எடுத்தால் இடங்காணும் பிழையே ஒவ்வொரு படத்திலும் ஒரு சின்ன நகர்வாகக் கூடி, நின்றுகொண்டிருக்கும் இழைக்கும் வேகம் இருப்பதாக மென்பொருள் சொல்லும். ஏடிபி இல்லாத அறையில் அசையாத இழைகளை ஒரு முறை படமெடுத்து அதே மென்பொருளில் ஓட்டுங்கள். கிடைக்கும் வேகம்தான் உங்கள் பொய் வேகம். ஒவ்வொரு நாளும் இதை அளந்து குறித்து வையுங்கள்.

கோளாறுகளும் காரணங்களும்

எதுவுமே நகரவில்லை: பெரும்பாலும் ஏடிபி. டைசோடியம் ஏடிபியைத் தண்ணீரில் கரைத்தால் கடும் அமிலமாக இருக்கும். சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச் 7-க்குக் கொண்டு வராமல் சேர்த்தால் மொத்த பஃபரின் பிஎச்சும் சரியும். இழைகள் ஒரு முனையில் மாட்டிக்கொண்டு மறுமுனையைச் சுழற்றுகின்றன, அல்லது வட்டமடிக்கின்றன: செத்த தலைகள். அடைக்கும் படியை இன்னொரு முறை செய்யுங்கள். அப்போதும் போகவில்லையென்றால், எச்எம்எம்-ஐ ஆக்டினும் ஏடிபியும் சேர்த்து அதிவேகமாகச் சுற்றுங்கள். செத்த தலைகள் இழையோடு அடியில் போய்விடும்.

ஏடிபி விட்டவுடன் இழைகள் மிதந்து ஓடிவிட்டால் உப்பு அதிகம், மெத்தில்செல்லுலோஸ் குறைவு, அல்லது எச்எம்எம் மேற்பரப்பில் போதவில்லை. ஓடிக்கொண்டே துண்டாகின்றனவென்றால் ஒளியையும் ஆக்சிஜனையும் முதலில் பாருங்கள், அடுத்து செத்த தலைகளை. மூட்டம் போட்டதுபோல் பின்னணி எல்லாம் ஒளிர்ந்தால் கழுவப்படாத சாயம், அல்லது பிஎஸ்ஏ பூச மறந்தது. நாள் போகப் போக வேகம் குறைந்துகொண்டே வந்தால் எச்எம்எம் பழசாகிறது. அன்றைய தரவை அன்றைய கட்டுப்பாட்டோடு மட்டுமே ஒப்பிடுங்கள்.

மயோசின் தலையின் சாய்வு

மயோசினில் சாயம் ஏற்ற நினைப்பவர்களுக்கு முதல் தூண்டில் எஸ்எச்1 என்று அழைக்கப்படும் 707-ஆம் சிஸ்டீன். எளிதில் வினைபுரியும். ஆனால் அது தலையின் இயந்திரத்துக்கு நடுவில் இருக்கிறது. அங்கே சாயம் ஏறினால் கால்சியம் இருக்கும்போது நடக்கும் ஏடிபி சிதைப்பு உயர்கிறது, பொட்டாசியமும் இடிடிஏவும் (மெக்னீசியத்தைப் பிடித்து அகற்றும் பொருள்) இருக்கும்போது நடக்கும் ஏடிபி சிதைப்பு விழுகிறது, ஆக்டினை நகர்த்தும் திறன் கெடுகிறது. ஏறியதா என்று சோதிக்க இந்த மாற்றங்கள் உதவும். அசைவை அளக்க அந்த இடம் உதவாது.

மயோசின் தலையின் நெம்புகோல் பகுதியைச் சுற்றி நிற்கும் ஒழுங்குபடுத்தும் லைட் செயின் என்ற சிறு புரதம்தான் நல்ல இருக்கை. ஏறத்தாழ 20 கிலோடால்டன் எடை, பாக்டீரியாவில் தயாரிக்கலாம். அதன் சிஸ்டீன்களை நீக்கி, வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் வைக்கலாம். ஆனால் ஒரே பிணைப்பில் தொங்கும் சாயம் கயிற்றில் கட்டிய விளக்குபோல ஆடும். கோணம் அளக்க அது பற்றாது. அதனால் ஒரே ஹெலிக்சில் (புரதச் சுருளில்) இரண்டு சிஸ்டீன் வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் இருகை ரோடமினை ஒட்டுகிறார்கள். சாயத்தின் அச்சு அப்போது புரதத்தோடு இறுகி நிற்கும். சுருங்கும் தசைநாருக்குள் நெம்புகோல் சாய்வதும் முறுக்குவதும் 1999-இல் இந்த வழியில்தான் அளக்கப்பட்டன. இங்கே புரதத்துக்குச் சமமான அளவில் சாயத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். சாயம் மிகுந்தால் இரண்டு சிஸ்டீனிலும் தனித்தனிச் சாயம் ஏறிவிடும். இரண்டு கைகளும் ஒரே புரதத்தைப் பிடித்தனவா என்பதை நிறை நிறமாலைமானியால் உறுதி செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

சவ்வு நீக்கிய தசைநாரை மெக்னீசியம் இல்லாத, இடிடிஏ நிறைந்த கரைசலில், 30 டிகிரி அளவில், சாயம் ஏற்றிய லைட் செயினோடு ஊற வைத்தால் உள்ளே இருப்பது வெளியேறி நம்முடையது இடம் பிடிக்கும். பாதிக்கும் குறைவாக மாறினாலே ஒளி போதும். ஆனால் அதே இடிடிஏ கால்சியத்தை உணரும் ட்ரோபோனின் சி புரதத்தையும் கழற்றிவிடுகிறது. அதை மறந்தவர்கள், கால்சியம் கொடுத்தும் தசைநார் இழுக்கவில்லையே என்று சாயத்தைக் குறை சொல்வார்கள். ஊறல் முடிந்தவுடன் ட்ரோபோனின் சி கரைசலில் வைத்து அதைத் திருப்பிக் கொடுங்கள்.

அளப்பது இணை, செங்குத்து என்ற இரண்டு முனைவாக்கங்களில். இரண்டின் வேறுபாட்டை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் முனைவாக்க விகிதம் வரும். கருவியே ஒரு திசையை அதிகம் கடத்தும் என்பதால், முதலில் கரைசலில் சுதந்திரமாகச் சுழலும் சாயத்தை அளந்து திருத்தக் காரணியை எடுத்துக்கொள்ளுங்கள். எண் துளை பெரிய ஆப்ஜெக்டிவ் இரண்டு முனைவாக்கங்களையும் கொஞ்சம் கலந்துவிடும். தசைநாருக்கு எண் துளை சிறியதே பொருத்தம். ஒவ்வொரு தசைநாரிலும் லைட் செயின் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் முழு கால்சியத்தில் இழுவிசையை அளந்து, இரண்டையும் குறிப்பேட்டில் ஒரே வரியில் எழுதுங்கள். பின்னால் வரும் எண் கணிசமாகக் குறைந்திருந்தால் அந்தத் தசைநாரின் கோண அளவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.